சனிக்கிழமை மட்டும் வராத கோடுகள்

அணுக்களைப் படம் பிடிப்பது என் வேலை. கல்யாண வீட்டில் போட்டோ எடுப்பவர் "அசையாதீங்க" என்றால் எதிரே நிற்கிற நாலு பேர் அசையாமல் இருந்தால் போதும், என் தொழிலில் ஊரே அசையாமல் இருக்க வேண்டும்.

என் பெயர் ஜெனிட்டா. தூத்துக்குடியில் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போன முதல் ஆள் நான்தான். அதனால் நான் செய்வது சரியா தவறா என்று கேட்டுக்கொள்ள வீட்டில் ஆள் கிடையாது. எல்லாவற்றையும் இரண்டு தரம் சரிபார்ப்பேன், பிறகு பயத்தில் மூன்றாவது தரமும் பார்ப்பேன். "எப்பம்மா படிப்பு முடியும்?" என்று கேட்கப்பட்டுப் பதில் தெரியாமல் விழித்தவர்கள், கருவியை முறைத்துப் பார்த்தபடி மதியச் சோற்றை மறந்தவர்கள் எல்லாரும் என் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பொரித்த பரோட்டாவும் என் படிகமும்

நான் என்னதான் படிக்கிறேன் என்று அம்மா ஒருநாள் உட்கார்ந்து கேட்டார். அன்று வீட்டில் பொரித்த பரோட்டா வாங்கியிருந்தோம். அதையே கையில் எடுத்து விளக்கினேன். சில பொருள்களை நன்றாகக் குளிரவைத்தால் அவற்றுக்குள் மின்சாரம் கொஞ்சம்கூடத் தடையில்லாமல் ஓடும், அவற்றுக்கு மீக்கடத்தி என்று பெயர். நான் வைத்திருக்கும் மீக்கடத்தி, கறுப்பாக மினுங்கும் ஒரு சிறு படிகம். இந்தப் பரோட்டா மாதிரியே அடுக்கடுக்காக இருக்கும். பிஸ்மத் ஒரு அடுக்கு, ஸ்ட்ரான்சியம் ஒரு அடுக்கு, உள்ளே தாமிரமும் ஆக்சிஜனும் கலந்த அடுக்கு. அந்தத் தாமிர அடுக்கில்தான் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாகச் சோடி சேர்ந்து, எதிலும் இடிக்காமல் ஓடுகின்றன.

அம்மா பரோட்டாவை ஒரு அடுக்கு உரித்துப் பார்த்தார். "ஏன் சோடி சேருது?" என்றார். அது இன்னும் யாருக்கும் முழுதாகத் தெரியாது, உலகம் முழுக்கப் பெரிய பெரிய ஆட்கள் அதற்காகத்தான் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றேன்.

"இது தெரியாமலா இத்தன பேரு இத்தன வருசமா படிக்கிய? எங்க தெருவுல ஒருத்திட்ட கேட்டிருந்தா, யாரு யாரு கூட ஏன் சேந்தான்னு அன்னைக்கே சொல்லிருப்பாளே."

வெந்நீர் வியாபாரி

எங்கள் ஆய்வகத்துக்குப் பின்சுவரை ஒட்டி ஒரு ஐஸ் பிளாண்ட் இருக்கிறது. விசைப்படகுகளுக்கு ஐஸ் கொடுக்கிற இடம். அதன் முதலாளி பொன்ராஜ் அண்ணாச்சிக்கு, நாங்கள் இறக்குகிற திரவ நைட்ரஜன் உருளை மேல் தீராத ஆர்வம். மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை தரையோடு தவழும். ஒருநாள் கேட்டுக்குள் வந்தே விட்டார்.

"எவ்வளவு குளிரு இருக்கும்ளா இது?"

"மைனஸ் நூத்தித் தொண்ணூத்தாறு, அண்ணாச்சி."

அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். இதை ஊற்றி எதைக் குளிர வைக்கிறோம் என்று கேட்டார். படிகத்தைக் காட்டினேன். உளுந்தம்பருப்பில் பாதிகூட இருக்காது. இவ்வளவு குளிரும் அந்தத் துணுக்குக்கா என்று நம்பாமல் பார்த்தார். நான் விடாமல், மற்ற மீக்கடத்திகளை இதைவிட எவ்வளவோ கூடுதலாகக் குளிர வைக்க வேண்டும், இது இந்த அளவிலேயே வேலை செய்துவிடும், அதனால் இதை உயர் வெப்பநிலை மீக்கடத்தி என்போம் என்றும் சொல்லிவைத்தேன். சொல்லியிருக்கக் கூடாது.

"இத உயர் வெப்பநிலைன்னு சொல்லுதியளா? அப்ப நான் இத்தன வருசமா வென்னீரா வித்துக்கிட்டிருக்கேன்?"

ரிப்பேர்

எங்கள் கருவியின் உயிர் ஒரு ஊசியில் இருக்கிறது. மிக மெல்லிய கம்பியின் முனை. அது படிகத்தைத் தொடாது. தொட்டுவிடுகிற தூரத்தில், ஒன்றிரண்டு அணு அகல இடைவெளியில் நிற்கும். அந்த இடைவெளியை எலக்ட்ரான்கள் தாண்டும். ஊசி மேலும் கீழும் மயிரிழையில் கோடியில் ஒரு பங்கு அசைந்தாலும் தாண்டுகிற எண்ணிக்கை மாறிவிடும். ஊசியை வரி வரியாக நகர்த்தி, அந்த மாற்றத்தைப் படமாக்கினால் அணுக்கள் தெரியும்.

பார்க்கிற பரப்பு புதிதாக இருக்க வேண்டும். எங்கள் ஊர் உப்புக்காற்று கொஞ்ச நேரம் பட்டாலே அது கெட்டுவிடும். அதனால் படிகத்தின் தலையில் ஒரு சிறு குச்சியைப் பசை போட்டு ஒட்டி, காற்றை உறிஞ்சி எடுத்த பெட்டிக்குள் வைத்து, வெளியிலிருந்து ஒரு கம்பியால் குச்சியைத் தட்டிவிடுவோம். அது மேல் அடுக்கையும் உரித்துக்கொண்டு விழும். முதல் தரம் தட்டும்போது நான் மாதாவைக் கூப்பிட்டது எனக்கே கேட்டது. நல்லபடியாக உரிந்தது. அப்போது கல்லூரி விடுமுறை, அதனால் காலையிலேயே படம் எடுத்தேன். அணுக்கள் வரிசையாகத் தெரிந்தன. ஆனால் வரிசைக்குக் குறுக்கே, தகரக் கூரை போல, அலை அலையாக மேடு பள்ளம்.

கருவி அதிருகிறது என்று முடிவு செய்தேன். ஸ்பிரிங்கைக் கழற்றினேன், திருகுகளை இறுக்கினேன், கீழே இருந்த மணற்பெட்டியில் மணலை மாற்றினேன். அலை போகவில்லை. என் சீனியர் இசக்கி அண்ணன் அப்போது ஸ்ரீவைகுண்டத்தில் அறுப்புக்குப் போயிருந்தார். அவர்களுக்கு அங்கே வயல் உண்டு. திரும்பி வந்தவர் கழற்றிப் போட்டிருந்த பாகங்களைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். இந்தப் படிகத்தில் பிஸ்மத் அடுக்கு கீழ் அடுக்கோடு அளவு பொருந்தாமல் நெளிந்துதான் கிடக்கும், அந்த அலை எல்லாருடைய படத்திலும் வரும், வராவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்றார். பிறகு ஸ்பேனரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"கருவிய ரிப்பேர் பண்ணலாம் ஜெனி. படிகத்த ரிப்பேர் பண்ண முடியாது."

மக்ரூன்

அந்தப் பாடம்தான் அடுத்த வினைக்குக் காரணமாயிற்று. சில வாரம் கழித்து, கல்லூரி திறந்த பிறகு, ஒரு மதியத்துக்கு மேல் எடுத்த படத்தில் அந்தப் பழைய அலையோடு புதிதாக வேறு கோடுகளும் தெரிந்தன. நெருக்கமாக, கொஞ்சம் சாய்வாக, சுமார் நாலு அணுவுக்கு ஒன்று. இந்த முறை ஸ்பேனரை எடுக்கவில்லை. எதுவும் படிகத்தில் இருப்பதாகவே இருக்கலாம் அல்லவா?

எங்கள் வழிகாட்டியான பேராசிரியையை நாங்கள் மேடம் என்றே அழைப்போம். அவர் படத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இந்த வகைப் படிகங்களில் எலக்ட்ரான்கள் சில நேரம் தாங்களாகவே வரிசை கட்டி, சுமார் நாலு அணுவுக்கு ஒருமுறை கூடியும் குறைந்தும் நிற்கும். சோடி சேர்வதற்கு அது உதவியா தொந்தரவா என்பது பெரிய விவாதம். எங்கள் கருவியிலேயே, எங்கள் ஊரிலேயே அது தெரிந்துவிட்டது என்றால் சாதாரண விஷயமா? மறுநாளும் எடுத்தேன், கோடு இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது.

எனக்கு இன்னொரு கணக்கும் ஓடியது. என் உதவித்தொகைக் காலம் முடியப்போகிறது. அதை நீட்டிப்பதா வேண்டாமா என்று ஆய்வுக்குழு கூடி முடிவு செய்யும். காட்டுவதற்கு ஏதாவது இருந்தால் நீட்டிப்பு, இல்லாவிட்டால் பாதிப் படிப்போடு வீட்டுக்கு. மேடம் ஆய்வுக்குழுவுக்கு ஒரு முன்னறிக்கை அனுப்பினார், அதில் என் கோடுகளின் படத்தையும் வைத்தார். அன்று சாயங்காலம் ஆய்வகம் முழுமைக்கும் எங்கள் ஊர் முந்திரி இனிப்பான மக்ரூன் வாங்கி வந்தார்.

"எடுத்துக்கோ ஜெனிட்டா. எக்ஸ்டென்ஷன் பத்தி இனி நீ கவலையே படாத."

சனிக்கிழமை

கவலைப்படாமல் இருக்க எனக்குத் தெரியாது. வீட்டில் உட்கார்ந்து, கோடு வந்த நாளிலிருந்து எடுத்த படங்களை எல்லாம் மறுபடி பார்த்தேன். எல்லாம் மதியத்துக்கு மேல் எடுத்தவை. காலையில் வகுப்பு எடுக்க வேண்டியிருந்ததால் எனக்குக் கிடைத்த நேரமே அதுதான். திங்கள் முதல் வெள்ளி வரை எல்லாவற்றிலும் கோடு. சனிக்கிழமைப் படங்களில் மட்டும் இல்லை. முதல் சனிக்கிழமை ஊசி சரியில்லை என்று நினைத்திருந்தேன். அடுத்த சனிக்கிழமை படிகத்தில் அந்த இடம் சரியில்லை என்று நினைத்திருந்தேன். நமக்குப் பிடித்த முடிவு வந்தால் கருவியைப் பாராட்டுகிறோம், வராவிட்டால்தான் குறை தேடுகிறோம். நீங்களும் அப்படித்தானே?

அன்றும் சனிக்கிழமைதான். மூன்றாவது தரமும் கோடில்லாத படத்தை எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். அப்பா மதியமே வீட்டுக்கு வந்து, குளித்து, டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்குக் கரை வேலை. ஒரு விசைப்படகு முதலாளியிடம், படகு கடலில் இருக்கும்போதே மறுநாளைக்கு டீசல், ஐஸ், தண்ணீர் எல்லாம் ஏற்பாடு செய்து வைப்பார். மற்ற நாட்களில் மதியம் அவரைப் பார்க்க வேண்டுமென்றால் பொன்ராஜ் அண்ணாச்சியின் பிளாண்டில்தான் பார்க்க வேண்டும், அங்கே ஐஸ் நொறுக்கும் மெஷின் பக்கத்தில் பெட்டிகளோடு நிற்பார். எந்த யோசனையும் இல்லாமல், இன்றைக்கு வேலை இல்லையா என்று கேட்டேன்.

"ஏளா, நாளைக்கு ஞாயித்துக்கிழமைல்லா. படகே போவாது, ஐஸ் எதுக்கு?"

கேட்காத சத்தம்

எனக்குத் தெரியாததையா அப்பா சொல்லிவிட்டார்? ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் கடலுக்குப் போகமாட்டார்கள், பூசைக்குத்தான் போவார்கள் என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் சனிக்கிழமை ஐஸ் நொறுக்கமாட்டார்கள். அந்த மெஷினின் சத்தத்துக்குள்தான் நான் வளர்ந்தேன். அதனாலேயே ஆய்வகத்தில் அது என் காதில் விழுந்ததே இல்லை. வயல்காட்டிலிருந்து வந்த இசக்கி அண்ணன் சேர்ந்த புதிதில், இங்கே ஒரே இரைச்சலாக இருக்கிறது என்று முறையிட்டபோது, எந்த இரைச்சல் என்று நான் கேட்டிருக்கிறேன்.

கோடு படிகத்தில் இருக்கிறதா, மெஷினிலிருந்து வருகிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. ஊசி நகரும் வேகத்தை மாற்ற வேண்டும். படிகத்தில் இருக்கிற கோடு எந்த வேகத்திலும் அதே இடைவெளியில் நிற்கும். அதிர்வால் வருகிற கோடு, ஊசி வேகமாகப் போனால் அகன்றுவிடும். நாங்கள் இதுவரை ஒரே வேகத்திலேயே எடுத்திருந்தோம். திங்கட்கிழமை மதியம் வேகத்தைக் கூட்டுகிற பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுத்தாவிட்டால் நீட்டிப்பு. அழுத்தினால் என்ன என்று எனக்குத் தெரியும். இசக்கி அண்ணன் பின்னால் வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அழுத்தினேன். கோடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, சாவகாசமாக அகன்று படுத்துக்கொண்டன. இசக்கி அண்ணன் திரைப் பக்கம் குனிந்தார்.

"நல்லவேள, எலக்ட்ரானுக்கும் ஞாயித்துக்கிழம பூசையோன்னு நான் பயந்துட்டேன்."

பாதிப் படம்

மேடத்திடம் வெறும் வாயால் சொல்ல எனக்குத் துணிவில்லை. கையில் ஆதாரம் வேண்டும். நேரே பிளாண்டுக்குப் போனேன். அப்பா பெட்டிகளோடு நின்றார். "நீ இங்கன என்ன செய்யுத?" என்றார். அவரிடம் அப்புறம் சொல்கிறேன் என்று அண்ணாச்சியிடம் போய், ஒரு மணி நேரம் மெஷினை நிறுத்த முடியுமா என்று கேட்டேன்.

"ஒரு மணி நேரம் நிறுத்துனா படகுக்காரன் ஐஸுக்குப் பதிலா என்ன நொறுக்கிருவாம்ளா. எதுக்கு?"

"உங்க மெஷின் அணுவ ஆட்டுது, அண்ணாச்சி."

அவர் தன் மெஷினை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். முகத்தில் வருத்தம் இல்லை, கொஞ்சம் பெருமைதான் தெரிந்தது. ஆட்களுக்கு டீ குடிக்கிற நேரத்துக்கு மட்டும் நிறுத்தலாம் என்றார், நான் மிஸ்டு கால் கொடுத்ததும் நிறுத்திவிடுவதாக ஒப்புக்கொண்டார். ஓடிப்போய்ப் படத்தைத் தொடங்கினேன். வரி வரியாகக் கீழிருந்து மேலே போனது, கோடு, கோடு, கோடு. பாதியில் மிஸ்டு கால் கொடுத்தேன். அடுத்த சில வரிகளில் கோடு நடுங்கிக் கரைந்தது. அதற்கு மேலே வெறும் அணுக்கள், அவற்றின் அந்தப் பழைய அலை, வேறொன்றும் இல்லை.

அந்தப் பாதிப் படத்தை மேடத்தின் மேசையில் வைத்து, நடந்ததைச் சொல்லி, முன்னறிக்கையில் போனது தப்பு என்றும் சொல்லிவிட்டேன். குரல் ஆடியது, அதற்கு எந்த மெஷினும் காரணமில்லை. மேடம் படத்தின் நடுவில், கோடு நிற்கிற இடத்தில் விரலை வைத்தார். ஒரு பெரிய மூச்சு விட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"இத டெலீட் பண்ணிராத. நீ எடுத்ததுலயே நல்ல படம் இதுதான்."

ஆய்வுக்குழு

குழுவில் வெளியூரிலிருந்து வந்த மூத்த பேராசிரியர் ஒருவர் இருந்தார். சிரிக்காதவர் என்று பெயர். முன்னறிக்கையைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு, கோடுகளைப் பற்றிச் சொல்லச் சொன்னார். எனக்கு முதல் வரியே அதுதான். "அது எலக்ட்ரான் இல்ல சார், ஐஸ்" என்றேன். பக்கத்தில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். பாதிப் படத்தைக் காட்டினேன், அகன்ற கோடுகளைக் காட்டினேன், சனிக்கிழமையைச் சொன்னேன். மேடம் எழுந்து, "முன்னறிக்கைய அனுப்பினது நான், சரிபார்த்தது அவ" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார்.

அப்படியானால் இப்போது கையில் என்ன இருக்கிறது என்று பேராசிரியர் கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். மீன்பிடித் தடைக்காலம் வருகிறது, விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஐஸ் பிளாண்ட் ஓடாது, அப்போது எடுத்துவிடுவேன் என்றேன். சொன்ன பிறகுதான், இது ஒரு ஆராய்ச்சித் திட்டமாகக் காதில் விழுமா என்ற பயம் வந்தது. அவர் தலையைக் குனிந்து எதையோ எழுதினார். தோள் குலுங்கியது.

"ஒரு வருஷம் கொடுத்திருக்கேன். ஆராய்ச்சிக்கு அரசாங்கம் கடல மூடித் தர்றது இதுதான் முதல் தடவ."

தடைக்காலம்

படகுகள் நின்றன. முதல் நாள் காலையே ஆய்வகத்துக்குப் போய் ஊசியை இறக்கினேன். டங், டங், டங். அண்ணாச்சி, ஓடாத காலத்தில்தானே முடியும் என்று, பிளாண்டின் குழாய்களில் துருவைச் சுத்தியலால் தட்டச் சொல்லியிருந்தார். அது முடிகிற வரை நான் ஊசியைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அதற்கப்புறம்தான் எங்கள் பக்கம் நிஜமான அமைதி வந்தது.

வீட்டில் அப்பா வேலையில்லாமல் இருந்தார். நிவாரணம் எப்போது வரும் என்பதே தெரு முழுக்கப் பேச்சு. நான் மட்டும் தினமும் முகம் மலர வீட்டுக்கு வந்தேன். அது எனக்கே உறுத்தியது. மலர்ச்சியை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு உள்ளே வரப் பார்ப்பேன். அப்பா கண்டுபிடித்துவிட்டார். சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்.

"நாங்க சும்மா இருந்தாத்தான் உன் அணு வேல செய்யுமோ? செய்யட்டும், வீட்டுல ஒருத்தருக்காவது சீசன் இருக்கட்டும்."

திட்டுகள்

அந்த அமைதியில் நான் எடுத்தது கோடுகளை அல்ல. படிகத்தின் ஒவ்வொரு இடத்திலும் ஊசியை நிறுத்தி, ஒரு சோடி எலக்ட்ரானைப் பிரிக்க எவ்வளவு ஆற்றல் தேவைப்படும் என்று அளந்தேன். எல்லா இடத்திலும் ஒரே அளவு வரும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள், ஒரே படிகம், ஒரே குளிர். ஆனால் சில அணு தூரம் தள்ளிப் போனாலே அளவு மாறியது. ஓரிடத்தில் சோடி இறுக்கமாக நின்றது, பக்கத்திலேயே தளர்வாக நின்றது. வண்ணம் போட்டுப் பார்த்தால் திட்டுத் திட்டாக, ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி இருந்தது.

உடனே மேடத்திடம் ஓடவில்லை. வேகத்தை மாற்றினேன், ஊசி போகும் திசையைத் திருப்பினேன், ஊசியையே மாற்றினேன், சனிக்கிழமையும் திங்கட்கிழமையும் எடுத்தேன். அண்ணாச்சியைக் கெஞ்சி, சும்மா கிடந்த மெஷினை வேண்டுமென்றே கொஞ்ச நேரம் ஓடவிடச் சொல்லிக்கூட எடுத்தேன். கோடு வந்தது, அதன் கீழே திட்டுகள் அதே இடத்தில் அப்படியே கிடந்தன. உள்ளே கலந்திருக்கிற ஆக்சிஜன் இடத்துக்கு இடம் கூடக்குறைய இருப்பதால் இப்படி ஆகலாம் என்று உலகத்தில் பலர் ஏற்கெனவே எழுதியிருக்கிறார்கள். என்னுடையது அதற்கு இன்னொரு சாட்சி, அவ்வளவுதான். எல்லாப் படங்களையும் பரப்பி வைத்தேன். மேடம் ஒவ்வொன்றாக எடுத்து, முதலில் எதனால் இது பொய்யாக இருக்கலாம் என்று கேட்டார், பிறகு வேறு எதனால் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு படம் இருந்தது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார்.

"புதுசு இல்ல. ஆனா நெசம். தீசிஸ எழுத ஆரம்பி."

இந்தத் தொழிலில் ஒரு சந்தோஷம் கிடைத்தால், முதலில் நாமே அதைக் கெடுக்க எல்லா வழியிலும் முயன்று பார்த்து, முடியாமல் களைத்துப்போன பிறகுதான் சந்தோஷப்பட அனுமதி உண்டு.